தானமாய் வந்த மாட்டுக்கும் பல் பார்க்கலாம்: பழுதான சக்கர நாற்காலியும் பாவனையாளரின் உரிமையும்

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களும் இன்று நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று அவர்களைத் தூக்கிப் பராமரித்த தாய்மாருக்கு இன்று தங்களைத் தூக்கி நிறுத்தவே ஒருவர் வேண்டும். எனவே சக்கர நாற்காலி, கொமட் கதிரை, மடக்குக் கட்டில், காற்று மெத்தை, கைபிடிக் கம்பி, வாசல் சாய்தளம் ஆகியவற்றின் தேவை எங்கள் வீடுகளில் குறையவில்லை. கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் வன்னியிலும் குடாநாட்டிலும் இப்படியான வீடுகளுக்குச் செல்லும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒரே காட்சியைத்தான். பாவனையில் உள்ள சாதனத்துக்குப் பக்கத்தில், பாவிக்க முடியாத இன்னொன்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். முன்சில்லு கழன்ற நாற்காலி, ஒட்டு விட்டுப்போன கொமட் கதிரை, ஒரு மாதத்திலேயே காற்று நிற்காத மெத்தை. சிலவற்றில் கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் பழுதாகாமல் இருக்கும்.

தந்தவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டால் வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "சும்மா தந்தவையிட்டப் போய் என்னெண்டு குறை சொல்லுறது?"

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது எங்கள் பழமொழி. நன்றி கெட்டவர் என்ற பெயர் வரக்கூடாது என்ற தயக்கத்திலிருந்து வரும் பேச்சு அது. மனித உறவுக்கு அது பொருந்தலாம். வணிகத்துக்குப் பொருந்தாது. அந்த மாட்டை யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், இன்னொருவர் இலாபம் எடுத்து விற்றிருக்கிறார். கொடையாளிக்குக் காட்டவேண்டிய நன்றியை நாங்கள் விற்றவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். பழுதான பொருளை விற்றவர் கேள்வியே இல்லாமல் தப்பிவிடுகிறார்.

சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் யார்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 'நுகர்வோர்' என்ற சொல்லுக்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. வணிகர் ஒருவரோ உற்பத்தியாளர் ஒருவரோ விலைக்கு வழங்கும் பொருளை அல்லது சேவையைப் பாவிப்பவரும் பாவிக்கக்கூடியவரும் நுகர்வோர். காசு கொடுத்து வாங்கியவர் மட்டும்தான் என்று அந்த வரைவிலக்கணம் சொல்லவில்லை.

எங்கள் நிலைமைக்கு இந்த ஒரு சொல் மிக முக்கியமானது. பணம் கனடாவிலிருந்து வந்திருக்கலாம், பற்றுச்சீட்டு கொழும்பில் ஊர்ச்சங்கப் பிரதிநிதியின் பெயரில் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் புதுக்குடியிருப்பில் அந்த நாற்காலியில் உட்காருபவர்தான் பாவனையாளர். சங்கம் சும்மா கொடுத்தது, கடை சும்மா கொடுக்கவில்லை. ஆகவே அவர் முறையிடுவது கொடையாளிக்கு எதிராக அல்ல, விற்றவருக்கு எதிராக. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது பணம் செலுத்தியவருக்கே போகவேண்டும் என்று கடைக்காரர் வாதிடுவார். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. எனவே நன்கொடையாகப் பெற்றவர் மாற்றுப் பொருள் கேட்பதே நேரான வழி. கொடையாளியிடமிருந்து ஒரு பக்கக் கடிதமும் பற்றுச்சீட்டின் பிரதியும் வாங்கி இணைத்துவிட்டால் வாதத்துக்கு இடமே இல்லை.

ஏன் இவ்வளவு விரைவாக உடைகிறது?

எங்களூரில் விநியோகிக்கப்படும் மடக்குச் சக்கர நாற்காலிகளில் பல, வைத்தியசாலை நடைபாதையில் நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிச் செல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சமதரை, சில நிமிடப் பாவனை, பின்னால் தள்ள ஒருவர் என்பதே அவற்றின் கணக்கு. அதே நாற்காலியில் ஒருவர் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் இருந்து, மணலிலும் கிரவலிலும் தானே உருட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. சிறிய முன்சில்லு மணலில் புதையும். புதையும் சில்லை இழுக்கும்போது அதைத் தாங்கும் முள்ளுக்கரண்டி வளையும். கரையோரத்தில் உப்புக்காற்று பெயரிங்கை இறுக்கிவிடும். துணி ஆசனம் தொய்ந்து நடுவில் குழியாகும்.

ஆசனக் குழியைச் சின்னக் குறையென்று நினைக்கக்கூடாது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு அழுத்தம் உணர்வில் தெரியாது. சில வாரங்களில் அது அழுத்தப் புண்ணாக மாறும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டிவரும். தொற்று இரத்தத்தில் கலந்தால் உயிரும் போகலாம். பழுதான குளிர்சாதனப் பெட்டியால் ஒருவருக்கு மீன் பழுதாகும். பழுதான ஆசனத்தால் பழுதாவது உடம்பு.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. ஆளை அனுப்பிவைத்தல், மதிப்பிடுதல், எது பொருத்தம் என எழுதுதல், நிதியும் கொள்வனவும், தயார்படுத்தல், அளவுபார்த்துப் பொருத்துதல், பயிற்சி, பின்தொடர்ந்து பராமரித்தல். எங்கள் விநியோக விழாக்களில் நடப்பது பெரும்பாலும் நான்காவது படி மட்டும். மற்ற ஏழும் இல்லாதபோது நல்ல நாற்காலியும் தவறான ஆளிடம் போய்ப் பழுதாகிறது. அப்போது குறை பொருளிலா பாவனையிலா என்ற பிணக்கு எழுகிறது.

மூன்று மாதம் என்ற கதவு

அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு முறைப்பாடுகளைப் பற்றியது. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் விற்கப்பட்டால் அதிகார சபை விசாரிக்கலாம். குறை உறுதியானால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றில் பொருத்தமானதைக் கட்டளையிடலாம். வணிகர் பணத்தைச் செலுத்த மறுத்தால் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக, அபராதம் அறவிடுவதைப் போல அத்தொகை அறவிடப்படும்.

முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். கடை விற்ற நாளில் நாட்காட்டி ஓடத் தொடங்கிவிடும். பொருள் களஞ்சியத்தில் கிடந்து, பிரதம அதிதிக்கு நாள் கிடைத்து, மேடையில் கைமாறும்போது இரண்டு மாதம் போயிருக்கும். ஒருவர் பழுதைக் கவனிக்கும்போது காலம் முடிந்திருக்கும். விழாவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் பாவனையாளரின் உரிமையிலிருந்து கழிகிறது என்பதைக் கொடுப்பவர்கள் உணர வேண்டும்.

எனவே பொருள் கைக்கு வந்த அன்றே செய்யவேண்டியவை சில உண்டு. பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் சட்டக் கடமை. உத்தரவாத அட்டையையும் இலக்கத்தகட்டையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பழுது தெரிந்ததும் படமும் காணொளியும் எடுங்கள். பொருளைத் தூக்கி எறியாதீர்கள், நீங்களாக ஒட்டுப் போடவும் வேண்டாம். முதலில் விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பதில் இல்லையென்றால் அதிகார சபைக்கு எழுதுங்கள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது, என்ன உத்தரவாதம் தரப்பட்டது, எந்த நாளில் என்ன பழுது தெரிந்தது, அதனால் என்ன பாதிப்பு, மூன்று பரிகாரங்களில் எதைக் கேட்கிறீர்கள் என்பவை போதும். மூலப் பிரதிகளை வைத்துக்கொண்டு நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். மாவட்டச் செயலகத்தில் இயங்கும் அதிகார சபையின் அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம். 1977 என்பது அதிகார சபையின் அவசர அழைப்பு இலக்கம். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள், சட்டம் கேட்பது எழுத்தை.

விற்பவர் என்ன சொல்வார்?

வணிகரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் சில மாதங்களுக்குள் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருளின் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும் ஏறின. மலிவு நாற்காலி கேட்டு வருபவர்களுக்கு மலிவானதையே விற்றோம் என்று கடைக்காரர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. ரயர் தேய்வதும் பிரேக் கட்டை தேய்வதும் இயல்பான தேய்மானம். பொருளில் எழுதப்பட்ட எடை வரம்பை மீறி ஏற்றி உடைந்தாலும், வெல்டிங் செய்து மாற்றியமைத்த பின் உடைந்தாலும் முறைப்பாடு நிற்காது.

ஆனால் முதல் மாதத்திலேயே குழாய் ஒட்டில் வெடிப்பு விழுந்தால் அது தேய்மானம் அல்ல. "பாவிச்ச முறை பிழை" என்ற ஒரே பதிலை உடைப்பதற்குச் சிறந்த சான்று, துறைசார்ந்த ஒருவரின் சிறு குறிப்பு. வைத்தியசாலை இயன்மருத்துவரோ, செயற்கை அவயவமும் சக்கர நாற்காலியும் பழுதுபார்க்கும் தொழில்நுட்பவியலாளரோ 'பழுது இன்ன இடத்தில், இன்ன தன்மையது' என்று எழுதிக் கொடுத்தால் விசாரணையின் போக்கே மாறும். 1987இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் இந்த அறிவு பல்லாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. பழுதுபார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பையும் கேட்டு வாங்கும் பழக்கம் எங்களிடம் வரவேண்டும்.

நோக்கத்தை எழுதி வாங்குங்கள்

மூன்று மாதம் கடந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குபவர் எந்த நோக்கத்துக்காகப் பொருளைக் கேட்கிறார் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குத் தக்கதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். ஆனால் இன்ன வணிகப் பெயருள்ள இன்ன மாதிரிதான் வேண்டும் என்று நீங்களே குறிப்பிட்டுக் கேட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

புலம்பெயர் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கவனிக்கவேண்டிய இடம் இது. '20 சக்கர நாற்காலி தேவை' என்று எழுதும் கட்டளை வேறு. 'முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர் மணல் நிலத்தில் நாளுக்குப் பத்து மணிநேரம் பாவிப்பதற்கு ஏற்ற நாற்காலி தேவை, எது பொருத்தம்?' என்று எழுதும் கட்டளை வேறு. இரண்டாவது கடிதம் நாளைக்கு ஒரு சான்று. இன்னொன்றும் உண்டு. வாங்கும்போது சோதித்துப் பார்த்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னர் காரணம் காட்ட முடியாது. ஆகவே பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள். சட்டமே பல்லைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சடித்திருப்பதைக் கண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்த வரி எல்லாப் பொறுப்பையும் கழுவிவிடாது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

நீதிமன்றத்துக்கு முன்னர் மத்தியஸ்த சபை வரும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபையில் சட்டத்தரணி தேவையில்லை. மத்தியஸ்தர் மூவர் இருதரப்பையும் இருத்திப் பேசுவார்கள். சாதாரண நாற்காலி, கட்டில் போன்றவற்றின் விலை அதன் பண வரம்புக்குள் அடங்கும். இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் இணக்கமின்மைச் சான்றிதழோடுதான் வழக்குத் தொடரலாம். உள்ளூர்க் கடையென்றால் இந்த வழி நன்றாக வேலைசெய்யும், ஊருக்குள் பெயர் கெடுவதை எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார். கொழும்பு இறக்குமதியாளர் கிளிநொச்சி மத்தியஸ்த சபைக்கு வந்து குந்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்கு எதிராக அதிகார சபையே பொருத்தம். அதனால்தான் அந்த மூன்று மாதம் பெறுமதியானது.

வாசலில் கட்டிய சாய்தளம்

பொருள் மட்டுமல்ல, வேலையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா உதவியோடு கட்டிய வீடுகள் முதற்கொண்டு, மீள்குடியேற்றத்தில் எழுந்த வீடுகள் பலவற்றில் தரை நிலமட்டத்திலிருந்து உயர்ந்திருக்கும். மலசலகூடம் வளவின் பின்பக்கம் இருக்கும். சாய்தளமும் கைபிடியும் பின்னர் சேர்த்தவை.

சாய்தளத்துக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு 1:12. தரை ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். இடமும் சீமெந்தும் மிச்சம் என்று ஆறு அடியில் முடித்துவிட்டால் சரிவு 1:4 ஆகிவிடும். அதில் யாராலும் தனியாக ஏற முடியாது, இறங்கினால் முன்புறம் கவிழும். வேலை முடிந்தது, காசும் கொடுத்தாயிற்று, ஆனால் வீட்டுக்காரர் இன்னும் தூக்கித்தான் இறக்கப்படுகிறார்.

தொழிலாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார், பாவிக்கும் பொருட்கள் அந்த நோக்கத்துக்குத் தக்கவையாக இருக்கும் என்ற உத்தரவாதம் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி மறைமுகமாக உண்டு. ஆனால் மேசன்மாரோடு நாங்கள் வாய்ப்பேச்சில்தான் உடன்படுகிறோம். 'சக்கர நாற்காலிக்கான சாய்தளம், சரிவு 1:12' என்று ஒரு துண்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, கடைசிக் கொடுப்பனவை நாற்காலியை உருட்டிப் பார்த்த பின் கொடுத்தால் பல பிணக்குகள் பிறக்கவே மாட்டா.

அரசும் நிறுவனங்களும் கொடுத்தவை

பிரதேச செயலகத்தின் ஊடாகவோ அரசசார்பற்ற நிறுவனத்தின் ஊடாகவோ வந்த பொருளுக்குப் பற்றுச்சீட்டு உங்கள் கையில் இராது. அதற்குத் தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உதவும். எந்த நிறுவனத்திடம் வாங்கப்பட்டது, கேள்விப்பத்திரத்தில் என்ன தரம் குறிப்பிடப்பட்டது, உத்தரவாதக் காலம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதிபெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவல்களுக்கு இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

ஆனால் கேட்பது எளிதல்ல என்பதையும் நான் அறிவேன். எங்களிடையே 'பதிவு' என்ற சொல்லே ஓர் அச்சம். புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவர், தன் பெயரும் முகவரியும் இன்னொரு அலுவலகக் கோப்பில் ஏறுவதை விரும்பமாட்டார். ஒரு நாற்காலிக்காக ஏன் விசாரணை என்று நினைப்பார். மொழியும் தடை. கொழும்பிலிருந்து வரும் உத்தரவாத அட்டையில் தமிழ் இருப்பது அரிது. ஆனால் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. முறையிடப் போகும் இடத்தின் படிக்கட்டு இன்னொரு தடை. பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டுமென்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. இன்றும் மத்தியஸ்த சபை கூடும் பாடசாலை மண்டபத்துக்குள் ஒருவரைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

தனியாளால் முடியாததைக் கூட்டாகச் செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் சங்கங்கள், மாதர் சங்கங்கள் ஆகியவை பழுதுகளைத் திரட்டி ஒரே தொகுப்பாக அதிகார சபைக்கு அனுப்பினால் தனியொருவரின் பெயர் முன்னே நிற்காது. ஒரே கடையிலிருந்து வந்த பத்து நாற்காலிகளில் ஒரே இடத்தில் வெடிப்பு என்றால் 'பாவனைப் பிழை' என்ற பதிலும் எடுபடாது.

கேட்கவேண்டியவை

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோருக்கு ஏதோவொரு உடற்செயற்பாட்டுச் சிரமம் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தின் 20ஆம் உறுப்புரை, தரமான நடமாட்ட உதவிச் சாதனங்கள் கட்டுப்படியான விலையில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 'தரமான' என்ற சொல் அங்கே இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டம் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவை மாதம் 10,000 ரூபாவாக உயர்த்தியது. அந்தப் பணத்தில் உண்டு, மருந்து வாங்கி, உடைந்த நாற்காலிக்கு மாற்று வாங்க முடியாது.

எனவே அரசிடம் கேட்கவேண்டியவை தெளிவானவை. உதவிச் சாதனங்களுக்கு மூன்று மாதக் காலம், பொருள் பாவனையாளரின் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். உத்தரவாத அட்டை தமிழிலும் இருக்க வேண்டும். இறக்குமதி செய்பவர் உதிரிப்பாகம் கிடைக்கும் இடத்தையும் காட்ட வேண்டும்.

கொடையாளிகளிடம் கேட்கவேண்டியது அதைவிட எளிது. பத்து நாற்காலிக்குப் பணமிருந்தால் அளவெடுத்து எட்டு வாங்குங்கள், மிச்சத்தைப் பழுதுபார்ப்புக்கு வையுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியைப் பயனாளியின் கையில் கொடுங்கள். மூன்று மாதம் முடிவதற்கு முன் ஒரு தடவை தொலைபேசியில் அழைத்து, நாற்காலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் நன்றிகெட்டவர் என்று நினைக்கமாட்டோம் என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.